மொரேனோ வீட்டுப் பிள்ளை

லான்மடாவ், யாங்கோன்
9 ஜூன் 2025

புஷ்பலதாவுக்கு, அண்ணன் கார்த்திகேசன் எழுதுவது.

அன்புள்ள என்று ஆரம்பிக்கப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். பர்மீயில் எழுதினால் என் கோபம் மரியாதையாக மாறிவிடுகிறது. தமிழில் தட்டச்சு எனக்கு வராது. அதனால் கையால் எழுதி, படம் பிடித்து, கரண்ட் வரும் நேரம் பார்த்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். கடைசி வரை படி.

நம் இரும்புச் சாமான் கடைக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் வடிவேல் நேற்று என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, ஒங்க மாப்பிள்ளை பேரு மொரேனோதானே? இங்க பாருங்க, பேருக்கெல்லாம் அர்த்தம் போட்டிருக்கான்." எந்தப் பெயர் எங்கே பிறந்தது, என்ன பொருள், எந்த நாட்டில் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பக்கம். அவனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, தெருவுக்கே கேட்கும்படி படித்தான். மொரேனோ என்றால் கருத்தவன். தோலும் முடியும் கருப்பாக இருந்தவனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் நாளடைவில் குடும்பப் பெயராகிவிட்டதாம். கடல் தாண்டி வந்த மூர் ஜனங்களைக் குறித்த சொல்லில் இருந்து வந்ததாம். ஸ்பெயினில் தடுக்கி விழுந்தால் ஒரு மொரேனோ மேல்தான் விழ வேண்டுமாம்.

ஆணி வாங்க வந்த பர்மாக்காரர் ஒருவர் என்னவென்று கேட்டார். வடிவேல் பர்மீயில் சொல்லிக் கொடுத்தான். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார் புஷ்பா.

பன்னிரண்டு வயதில் சூலே பக்கம் பஸ்ஸில் உன்னைக் கண்டக்டர் "ஏய் கலாமா, உள்ளே போ" என்றான். நிறத்தையும் ஜாதியையும் சேர்த்து நம்மைத் துப்புகிற சொல் அது. டிபன் கேரியரால் அவனை அடித்தவள் நீ. அவ்வளவு ரோஷக்காரி ஆறாயிரம் மைல் தாண்டிப் போய்க் கருப்பன் என்ற பெயருக்கு வாக்கப்பட்டிருக்கிறாய். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அதுதான் பெயர்.

இதில் போன மாதம் ஒரு பத்திரம் வேறு கேட்டாய். அங்கே பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயராம். தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று. தாய் வழிக்கு அப்பாவின் ராஜரத்தினம் என்ற பெயர் வேண்டுமாம். கருப்பனுக்குப் பின்னால் நம் அப்பா பெயரை வால் மாதிரி தொங்கவிடப் பத்திரமா? அனுப்ப முடியாது.

கார்த்திகேசன்

*

கதீஸ், ஸ்பெயின்
16 ஜூன் 2025

அண்ணனுக்கு,

நானும் அன்புள்ள போடவில்லை. கணக்கு நேராகிவிட்டது.

ஆணி வாங்க வந்தவன் சிரித்தான். அவனிடம் கோபப்பட உனக்குத் துணிச்சல் இல்லை. ஆணியை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஏழு மாதக்காரியிடம் கோபப்படுகிறாய். சபாஷ்.

எங்கள் தெருவில் ரொட்டிக் கடைக்காரர் மொரேனோ. என் வயிற்றைப் பார்க்கும் டாக்டரம்மா மொரேனோ. போன வாரம் குழாய் சரிசெய்ய வந்தவரும் மொரேனோ, என் ஆந்த்ரேஸுக்குச் சொந்தம்கூட இல்லை. ஆந்த்ரேஸ் அரை மணி நேரம் வெயிலில் நின்றால் வெந்த நண்டு மாதிரி சிவந்துவிடுவார். அவர் பெயருக்கு அர்த்தம் இருக்கிறது என்பதே இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. உனக்கும் வடிவேலுக்கும்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கேள். மீன் சந்தையில் ஒரு கிழவர் என்னை "வா மொரேனா" என்று கூப்பிட்டார். நீ சொன்ன அதே பன்னிரண்டு வயதுக்காரி எனக்குள் எழுந்து நின்றாள், கையில் கேரியர்தான் இல்லை. ஆந்த்ரேஸ் தோளைப் பிடித்து, அது இங்கே அழகான பெண்ணைக் கூப்பிடும் சொல் என்றார். நம்பாமல் அங்கேயே நின்று பார்த்தேன். கருத்த பெண்களை எல்லாம் அந்தக் கிழவர் அப்படித்தான் கூப்பிட்டார், அவர்களும் சிரித்தபடி பேரம் பேசினார்கள். என் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு நல்ல மத்தி மீனாகப் பொறுக்கிக் கொடுத்த முதல் மனிதர் அவர்.

வெட்கத்தைப் பற்றி நீ பேசாதே. கோயிலில் எல்லோரிடமும் மாப்பிள்ளை கோவாக்காரர் என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே? விஜயகுமாரி அண்ணி சொன்னார்கள். கல்யாணத்துக்கு வராதவன் மாப்பிள்ளைக்கு ஊரையும் மாற்றிவிட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதிவு ஆபீஸில் தாயின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் நாட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது என்றேன். அந்தப் பெண் "எல்லாருக்கும் இருக்குமே" என்று என் பாஸ்போர்ட்டை வாங்கிக் கடைசிச் சொல்லைத் தொட்டுக் காட்டினாள். நிலா சேன். "இதோ இருக்கே, சேன்!"

சேன் என் பெயரா அண்ணே? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்று அப்பா பயத்தில் வைத்த பெயர். தன் ராஜரத்தினத்தில் இருந்த ரத்தினத்தைப் பர்மீயில் வைரமாக்கி, தான் ஊ சேன் ஆனார். உன்னை அவுங் சேன் ஆக்கினார், என்னை நிலா சேன் ஆக்கினார். அதனால் ஒரு நாளாவது நம்மைக் கலா என்று கூப்பிடாமல் விட்டார்களா? வாத்தியாரே கூப்பிட்டார். ஒளிந்துகொள்ள வைத்த பெயர் ஒளிக்கவும் இல்லை. அதை என் பிள்ளை பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சுமக்க வேண்டுமா? அப்பா துறைமுக வேலைக்கு எடுத்துப்போன பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் கே. ராஜரத்தினம் என்று எழுதியிருக்குமே, அந்தப் பெயர் வேண்டும். ஊ சேனும் ராஜரத்தினமும் ஒரே ஆள் என்று அப்பா சத்தியம் செய்த பத்திரம் வந்தால் போதும் என்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். அதற்குள் அனுப்பு.

புஷ்பலதா

*

லான்மடாவ்
2 ஜூலை 2025

புஷ்பாவுக்கு,

மத்தி மீன் கதை நன்றாக இருந்தது. இங்கே மீன்காரி என்னைக் கூப்பிடும் பெயர் உனக்குத் தெரியும், அதில் நல்ல மீனும் கிடைப்பதில்லை.

நீ பெயரை நினைக்கிறாய். நான் அட்டையை நினைக்கிறேன். அப்பாவின் மாபோந்தின் குடியுரிமை அட்டையில் ஊ சேன் என்று மட்டும் இருக்கிறது. அந்த அட்டையை வைத்து என் அட்டை, என் அட்டையை வைத்து என் மகள் அட்டை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சட்டி. பத்திரத்தில் ஊ சேன் என்று எழுதி, 'என்று அழைக்கப்படும்' என்பதற்கு அடைப்புக்குள் ஓர் எழுத்துப் போட்டு, பிறகு ராஜரத்தினம் என்று எழுதுவார்கள். அந்த ஓர் எழுத்து போதும். நாளைக்கு எவனாவது அதைத் தூக்கிக்கொண்டு வந்து, உன் அப்பன் எந்தக் கப்பலில் வந்தான், நீ எப்படி இந்த ஊர்க்காரன் என்று ஆரம்பிப்பான். அடிச்சட்டி உருண்டால் மேல்சட்டி நிற்குமா?

எதிர்வீட்டு மதீனா பீவி அக்கா வீட்டில் ஆள் கணக்குப் பட்டியல் சரிபார்க்க அதிகாரிகள் வந்தார்கள். மருமகன் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்ததாம். அந்த அம்மா இன்றைக்கும் ஆபீஸ் படி ஏறி இறங்குகிறார். நீ என்னடாவென்றால் வேலியில் போகிற ஓணானைப் பிடித்துக் கைலிக்குள் விட்டுக்கொள்ளச் சொல்கிறாய்.

அதுவும் போகட்டும். பத்திரத்தில் அப்பாவின் அப்பா பெயரும் கேட்பார்கள். சொல் பார்க்கலாம். நமக்கு அவர் 'கே தாத்தா', அவ்வளவுதான். கந்தசாமியா, கதிரேசனா? நானாகக் கந்தசாமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். திதி கொடுக்கும்போதுகூட அப்பா குருக்கள் காதில்தான் பெயரைச் சொல்வார். கேட்டால் எரிந்து விழுவார். சொந்தத் தாத்தா பெயர் தெரியாத நீ, ஸ்பெயின்காரனுக்கு வம்ச வரலாறு எழுதப்போகிறாயாக்கும்.

ஐந்து மாடி ஏறி இறங்கித் தண்ணீருக்கும் கரண்டுக்கும் காவல் இருந்து அவரைப் பார்த்துக்கொள்வது நான். கப்பல் ஏறிப் போனவளுக்குத் தைரியம் சுலபம்.

கார்த்திகேசன்

*

கதீஸ்
11 ஜூலை 2025

அண்ணே,

போன கடிதத்தில் கருப்பன் என்ற பெயர் கேவலம் என்றாய். இந்தக் கடிதத்தில் அட்டை என்கிறாய். பயம் என்றால் பயம் என்று முதலிலேயே எழுதியிருக்கலாம். பயத்துக்கு நான் மரியாதை கொடுத்திருப்பேன். நீ பயத்துக்கு ரோஷம் என்று வேஷம் கட்டி அனுப்பினாய்.

கப்பல் ஏறிப் போனேன் என்கிறாய். சிங்கப்பூரில் வயதானவர்களுக்கு மலம் அள்ளி அனுப்பிய காசில்தான் உன் கடைக்கு ஷட்டர் போட்டாய். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். சொல்ல வைத்துவிட்டாய்.

ஒரே ஒரு கேள்வி. அப்பாவிடம் கேட்டாயா? இரண்டு கடிதத்திலும் நீ மாட்டேன் என்கிறாய், வடிவேல் படிக்கிறான், ஆணிக்காரன் சிரிக்கிறான், மதீனா பீவி அக்கா படி ஏறுகிறார். பெயருக்குச் சொந்தக்காரர் எங்கே? அவர் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியாமல் முடிவு செய்ய நீ யார்?

புஷ்பலதா

*

லான்மடாவ்
29 ஜூலை 2025

கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எழுபத்தாறு வயதில் அவர் தலையில் இதைக் கட்ட வேண்டாம்.

ஷட்டர் காசை எழுதி வை, தருகிறேன்.

கார்த்திகேசன்

*

கதீஸ்
27 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

பெண் குழந்தை. இருபதாம் தேதி பிறந்தாள். அறுவை சிகிச்சை. நான் நன்றாக இருக்கிறேன். கேட்டாயா என்று தெரியாது, அண்ணி கேட்டிருப்பார்கள், அவர்களுக்குச் சொல்.

ஆஸ்பத்திரியில் படுத்தபடி உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். அடிச்சட்டி, மேல்சட்டி. பக்கத்தில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவள் பெயருக்காக உன் மகள் அட்டை போகலாமா என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க உன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது, ஏனென்றால் நீ சொன்னது சரியாக இருந்தது. அண்ணன் அயோக்கியனாக இருந்தால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். பயந்தவனாக இருந்து, பயத்துக்குக் காரணமும் இருந்தால் என்ன செய்வது?

இனேஸ் மொரேனோ சேன். நேற்றுப் பதிவாகிவிட்டது. இனேஸ் என்பது ஆந்த்ரேஸ் ஆசைப்பட்ட பெயர். மொரேனோ உனக்குப் பிடிக்காத பெயர். சேன் எனக்குப் பிடிக்காத பெயர். எழுதியவள் திரும்ப வாசித்து, சரிதானே என்று கேட்டாள். சரி என்றேன். வெளியே வந்து ஆந்த்ரேஸ் சட்டையை நனைத்தேன்.

என் மகளிடம் நம் ஆட்கள் யாரும் இல்லை. அவள் பெயரில் அப்பாவின் பயம் மட்டும் இருக்கிறது. பத்திரம் இனி வேண்டாம். நீயும் எழுத வேண்டாம்.

புஷ்பலதா

*

லான்மடாவ்
3 செப்டம்பர் 2025

அவசரக்காரி புஷ்பாவுக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் உன் புருஷனா? பத்து நாளாக இங்கே இணையம் இல்லை. இன்று வந்தது. உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு ஒரு பூட்டுப் பெட்டியைத் தூக்கி எறிந்தேன். வடிவேல் ஓடிவந்தான். அவனையும் திட்டினேன், எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அவன் வாய்தானே. பத்திரம் என் சட்டைப் பையில் இருந்தது புஷ்பா. சத்தியம் செய்து, முத்திரை குத்தி. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே அது தயார்.

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே கோபப்படாமல் படி.

உனக்குப் பிரசவ நேரம், அண்ணன் தங்கைக்குள் பேச்சு இல்லை என்று விஜயகுமாரி அப்பாவிடம் அழுதுவிட்டாள். காலையில் நான் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, என்னடா சண்டை என்றார். எனக்கும் அவர் பக்கபலம் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களையும் படித்துக் காட்டினேன், ரொட்டிக் கடை, டாக்டரம்மா, மீன் சந்தை எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை குடும்பப் பேருக்கு என்ன அர்த்தம்னு சொன்ன?"

"கருப்பன்னு அர்த்தம்ப்பா."

"அதுல ஒனக்கென்ன அசிங்கம்?"

"நம்ம புள்ளைக்குப் போயி கருப்பன்னு..."

"கே-ன்னா என்னடா?"

எனக்குப் புரியவில்லை. "என்னப்பா?"

"என் பெட்டியில இருக்கே, கே. அது என்ன?"

"கந்தசாமின்னு நெனச்சேன்."

"கருப்பையா!" என்று கத்தினார். கிண்ணம் உருண்டு குழம்பெல்லாம் பாயில் ஓடியது. "எங்கப்பன் பேரு கருப்பையா! எங்க குலசாமி கருப்பன்! ஒனக்கு அசிங்கமா இருக்கா?"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெயர் எழுதும்போது, தகப்பன் பெயர் கருப்பையா என்று சொல்லியிருக்கிறார். எழுதிய மேஸ்திரி அதற்கு அர்த்தத்தைப் பர்மீயில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லிச் சிரித்தானாம். அன்று முதல் கப்பல் துறையில் இவர் பெயர் 'கருப்பன் மகன்'. "பர்மாக்காரன் சிரிச்சதுல எனக்கு வருத்தமில்லடா. சொல்லிக் குடுத்தானே, அவன் நம்ம தமிழன்" என்றார். நான் வடிவேலை நினைத்தேன். பிறகு, அவன் படித்தபோது அங்கே தலைகுனிந்து நின்ற என்னை நினைத்தேன். அதற்குப் பிறகு அப்பா பெட்டியில் கே என்ற ஓர் எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டாராம். இத்தனை வருஷமாகத் தகப்பனுக்குத் திதி கொடுக்கும்போது குருக்கள் காதில் மட்டும் முழுப் பெயர்.

"அந்த ஊர்ல அதே பேர டாக்டரு வச்சிருக்காங்க, ரொட்டிக்காரன் வச்சிருக்கான், ஊரே வச்சிருக்கு. நான் எங்கப்பன ஓரெழுத்துக்குள்ள அடைச்சுட்டேன். எந்திரி, கோர்ட்டுக்குப் போவோம்."

தடுத்தேன் புஷ்பா. அட்டையைச் சொன்னேன், பேத்தி படிப்பைச் சொன்னேன், மதீனா பீவி அக்காவைச் சொன்னேன், கத்தினேன். அவர் பாட்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கிவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. பின்னாலேயே போனேன், வேறு என்ன செய்ய? கூட வேலை பார்த்த அப்துல் பாரி மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த மாமாவுக்குத் தாத்தா பெயர் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு நாளும் வெளியே சொன்னதில்லை. மனுஷன்.

கோர்ட்டு வாசல் நடைபாதையில் குடை போட்டுத் தட்டச்சு செய்கிறவர்கள் வரிசையாக இருப்பார்களே, அங்கே உட்கார்ந்தோம். பெயர் கேட்டான். ஊ சேன், ராஜரத்தினம் என்று அழைக்கப்படுபவன் என்றார். தகப்பன் பெயர் கேட்டான். அப்பா முதுகை நிமிர்த்தி, நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, "ஊ கருப்பையா" என்றார். ஊ போட்டுச் சொன்னார் புஷ்பா, பெரிய மனிதர்களுக்குப் போடுகிற மாதிரி. அந்தப் பையன் அவரைப் பார்த்தான். நான் அவன் சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரித்திருந்தால் இந்தத் தடவை ஆணி எடைபோட்டிருக்க மாட்டேன். அவன் சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லி அடித்தான்.

இரண்டாவது சாட்சி வேண்டும் என்றார்கள். நான் போட்டேன். அவுங் சேன், கார்த்திகேசன் என்று அழைக்கப்படுபவன். ஏன் போட்டேன் என்று கேட்காதே. பயம் போகவில்லை. இன்றைக்கும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவுத் தாழைப் பார்க்கிறேன். ஏதாவது வந்தால் உன்னைத்தான் திட்டுவேன்.

இன்று உன் கடிதத்தை அப்பாவிடம் எடுத்துப் போனேன். பிள்ளைக்கு மொரேனோ சேன் என்று பதிவாகிவிட்டது, நம் பத்திரம் பிந்திவிட்டது என்று சொன்னேன். நம் ஆட்கள் யாரும் அவளிடம் இல்லை என்று நீ எழுதிய வரியையும் படித்தேன். அழுவார் என்று நினைத்தேன். முறைத்தார்.

"யாரு இல்லேன்னா அவ? எங்கப்பன்தான முன்னாடி நிக்கிறாரு! பின்னாடி நிக்கிறது நான் பயந்து வச்ச பேரு, நின்னுட்டுப் போவுது."

அப்படியானால் இந்தப் பத்திரம் வீட்டில் இருப்பது வீண் ஆபத்து, கிழித்துவிடலாம் என்று பையிலிருந்து எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"அவளுக்கு வேணாம்னா விடு. எனக்கு வேணும்."

மாபோந்தின் அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துவைக்கப் போடக்கூட விஜயகுமாரிக்குச் சட்டையைக் கழற்றித் தரவில்லை.

இனேஸ் என்பது அவர் வாயில் வரவில்லை. காலையில் இருந்து, கருப்பாயி என்ன நிறம், கருப்பாயிக்கு முடி இருக்கிறதா என்று என் பிராணனை வாங்குகிறார். இன்று சாயங்காலம் கரண்ட் இருக்கும். போன் பண்ணு. எனக்கு உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, நான் பேச மாட்டேன். எடுத்து அவர் காதில் வைப்பேன்.

அண்ணன்,
க. ரா. கார்த்திகேசன்